சேற்றில் பின்சக்கரம் வழுக்குகிறது, அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

அண்ணாமார், தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம். நான் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம். பழைய யமஹா செரோ 225 பைக் ஒன்று வைத்திருக்கிறேன். மே மாதம் தென்மேற்கு மழை தொடங்கினால், எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஏறும் தோட்டத்து ரோட்டு செம்மண் களியாகிவிடும்.

போன கிழமை தேயிலை மலை வளைவில் முன்சக்கரம் லொறித் தடத்துக்குள் இறங்கியது. பயத்தில் முன்பிரேக்கைப் பிடித்துவிட்டேன். அவ்வளவுதான், பைக் ரோட்டோரக் கானுக்குள் (வடிகால்), நான் தேயிலைச் செடி மேல். முழங்கால் இன்னும் வலிக்கிறது. பார்த்தால், டயர் கட்டைகளுக்கு இடையில் களி அப்பி, சக்கரம் வழவழவென்று பூசணிக்காய் மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் எழுந்து நின்று, எடையைக் கொஞ்சம் பின்னுக்குக் கொடுத்து, இரண்டாம் கியரில் ஒரே சீராக முறுக்கிப் போகிறேன். சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்தைப் பார்ப்பதும் உதவுகிறது. சமதரையில் இது சரி. ஏற்றத்தில்தான் பிரச்சினை: பாதியில் நின்றுவிட்டால், திரும்பப் புறப்படும்போது பின்சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி தோண்டுகிறது. அந்த நேரம் கிளச்சை எப்படி விடுவது? இறங்கித் தள்ளிக்கொண்டே முறுக்குவது நல்லதா?

இன்னொன்று, காற்றை 15 பிஎஸ்ஐ வரை குறைக்கலாமா? என்னுடையது டியூப் டயர், ரிம் லாக் (டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் பூட்டு) இல்லை. டயர் ரிம்மில் நழுவினால் வால்வு பிய்ந்துவிடும் என்று பயம். அம்மாவை மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு இதே ரோட்டில்தான் பின்னால் ஏற்றிக் கூட்டிப்போகிறேன். ஆள் ஏற்றிப் போகும்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.