வால்யூம் ப்ரொஃபைல்: ஒரே பங்கு, ஆளுக்கொரு பிஓசி ஏன்?

மஞ்சக்குப்பம் சார்ட்:
எந்த விலையில் எவ்வளவு வால்யூம் (கைமாறிய அளவு) நடந்தது என்று பட்டைகளாகக் காட்டுவதுதான் வால்யூம் ப்ரொஃபைல்; அதிக வால்யூம் நடந்த விலை பிஓசி (பாயிண்ட் ஆஃப் கண்ட்ரோல்). நம்ம ஊர்ப் பக்கம் பலரும் பார்க்கிற என்எல்சி இந்தியா சார்ட்டையே எடுத்துக்குங்க. லேப்டாப்பில் பிஓசி கோடு ஒரு விலையில் நிற்கும், கைபேசியில் வேறொரு விலையில் நிற்கும். ஆப்பில் பழுது எதுவும் இல்லை. போட்டிருப்பது விசிபிள் ரேஞ்ச் ப்ரொஃபைல். திரையில் தெரிகிற கேண்டில்களை (ஒவ்வொரு காலத்தின் விலைப் பட்டை) மட்டும்தான் அது கூட்டும். கைபேசியில் 40 நாள் தெரியும், லேப்டாப்பில் 120 நாள் தெரியும். விரலால் கொஞ்சம் தள்ளினாலே கோடும் நகரும். இப்படி நகர்கிற கோட்டை நம்பி ஸ்டாப்லாஸ் (நஷ்டத்தை நிறுத்தும் விலை) வைக்கவே கூடாது.

ஸ்விங் எடுப்பவர்கள் (சில நாள், சில வாரம் வைத்திருப்பவர்கள்) தொடக்கமும் முடிவும் நாமே குறிக்கிற ஃபிக்ஸட் ரேஞ்ச் போடுங்கள். தொடக்கத்தைக் கண்ணுக்குத் தோன்றிய இடத்தில் வைக்காமல், காலாண்டு முடிவு வந்த நாள், பெரிய கேப் விழுந்த (முந்தைய விலையிலிருந்து தாவித் திறந்த) நாள், கடைசி அடிவிலை என்று காரணமுள்ள கேண்டிலில் வைக்கவும். அன்றன்றைக்கே முடிப்பவர்களுக்கு, அன்றைய வியாபாரத்தை மட்டும் கூட்டும் செஷன் ப்ரொஃபைல்.

லாஸ்பேட்டை ஃப்யூச்சர்ஸ்:
ரேஞ்ச் சரியா வெச்சாலும் ரோ (விலையைப் பிரிக்கிற படி) எண்ணிக்கை ஏமாத்தும். டிரேடிங்வியூல தானா வர்றது 24 ரோ. நாள் முழுக்க 480-லேருந்து 492 வரைக்கும் ஆடுன பங்குன்னா ஒரு ரோ 50 பைசா, பிரச்சினை இல்ல. அதே 24-ஐ 400-லேருந்து 640 வரைக்கும் போன ஆறு மாச சார்ட்டுல விட்டா ஒரு ரோ 10 ரூபாய். பிஓசி கோடு 515-னு காட்டும், உண்மையில அது 510-க்கும் 520-க்கும் நடுவுல எங்க வேணா இருக்கலாம். ரோவை 120 ஆக்குங்க, 2 ரூபாய்க்கு ஒண்ணு வரும். ரொம்பக் கூட்டினா சீப்புப் பல்லு மாதிரி ஆயிடும், மேடு (வால்யூம் அதிகமான விலை) எது பள்ளம் (கம்மியான விலை) எதுன்னே தெரியாது.

இன்னொண்ணு. நிஃப்டி ஸ்பாட்டுல (இண்டெக்ஸோட நேரடி சார்ட்டுல) ப்ரொஃபைல் போடாதீங்க. இண்டெக்ஸ்ங்கறது கணக்குப் போட்டு வர்ற எண், அதை யாரும் நேரா வாங்கி விக்கிறதில்ல. ஃப்யூச்சர்ஸ்ல (பின்தேதி ஒப்பந்தத்துல) போடுங்க. அதுலயும் எக்ஸ்பைரி (ஒப்பந்தம் முடியுற) வாரத்துல வால்யூம் அடுத்த மாசத்துக்கு மாறிடும். ரெண்டு மாச கான்ட்ராக்டோட விலையும் ஒண்ணா இருக்காது. அதனால மாச கான்ட்ராக்டுகளை ஒட்டிக் காட்டுற தொடர் சார்ட்டுல அந்த எல்லையைத் தாண்டி ரேஞ்ச் இழுத்தா ஒரே மேடு ரெண்டா உடைஞ்சு தெரியும்.

முதுநகர் ஏலக்காரர்:
துறைமுகத்துல மீன் ஏலம் பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். முதல் கூடை என்ன விலைக்குப் போச்சுங்கறது வேற, அதிகக் கூடை எந்த விலைக்குப் போச்சுங்கறது வேற. ரெண்டாவதுதான் பிஓசி. கூடையே போகாத விலைதான் பள்ளம். விலை அங்க நிக்காம ஓடும். மேட்டுக்குள்ள வந்தா அலைபாயும். அதனால ஸ்டாப்லாஸை மேட்டு நடுவுல வைக்காதீங்க, சும்மா ஆடுற ஆட்டத்துலயே அடிச்சிட்டுப் போயிடும். பள்ளத்தைத் தாண்டி வைங்க.

ப்ரொஃபைல் பட்டையில வர்ற பச்சை, சிவப்பைப் பாத்து "வாங்கினவன் ஜாஸ்தி"ன்னு சொல்றது தப்பு. ஒவ்வொரு கைமாத்துலயும் ஒருத்தர் வாங்குவார், ஒருத்தர் விப்பார். பல மென்பொருள்ல குறைஞ்ச நேர கேண்டில் ஏறி முடிஞ்சா அதோட வால்யூம் மொத்தமும் பச்சை, இறங்கி முடிஞ்சா சிவப்பு, அவ்ளோதான். அப்பர் சர்க்யூட்ல (அன்னிக்கு ஏறக்கூடிய உச்ச வரம்புல) பூட்டின நாளையும் தனியா பாருங்க. பிஓசி உச்சி விலையில ஒட்டிக்கிட்டிருக்கும். அதுக்கு மேல விக்க வழியில்லாததால வந்த மேடு அது, சந்தை ஒத்துக்கிட்ட விலை இல்ல.

நெய்வேலி நைட்ஷிஃப்ட்:
வேல்யூ ஏரியா (பிஓசியைச் சுற்றி 70 சதவீத வால்யூம் நடந்த விலைப் பகுதி) ஏன் மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. மேலிருந்து கீழாக எட்டு ரோ, வால்யூம் ஆயிரத்தில்: 4, 8, 14, 26, 20, 15, 9, 4. மொத்தம் 100. பிஓசி 26. இலக்கு 70 சதவீதம்.

பழைய முறையில் பிஓசிக்கு மேலும் கீழும் இரண்டிரண்டு ரோவாக ஒப்பிட்டு, பெரியதைச் சேர்ப்பார்கள். மேலே 14+8=22, கீழே 20+15=35. பெரியது கீழே, சேர்த்தால் 61. அடுத்து மேலே 22, கீழே 9+4=13. மேலே சேர்த்தால் 83. இலக்கைத் தாண்டிவிட்டது, நிறுத்தம். ஒவ்வொரு ரோவாகச் சேர்க்கும் முறையில் 26+20+15+14=75-லேயே நின்றுவிடும். அடி எல்லை இரண்டிலும் ஒன்றுதான். மேல் எல்லை மட்டும் ஒரு ரோ தள்ளிப் போகிறது. ரோ பெரிதாக இருந்தால் அந்த ஒரு ரோவே 10 ரூபாய். பாதிச் சண்டை இதனால்தான்.

எம்சிஎக்ஸ் (சரக்குச் சந்தை) கச்சா எண்ணெய்க்கு முழுநாள் செஷன் போட்டால் பகல் வியாபாரம் கண்ணுக்கே தெரியாது; அமெரிக்கச் சந்தை விழிக்கும் மாலைக்குப் பிறகுதான் வால்யூம் குவியும். மாலைக்குத் தனி ஃபிக்ஸட் ரேஞ்ச் போடவும்.

மஞ்சக்குப்பம் சார்ட்:
டிபிஓ (டைம் பிரைஸ் ஆப்பர்சூனிட்டி) என்று இன்னொரு ப்ரொஃபைலும் உண்டு. 1980களில் சிகாகோ போர்டு ஆஃப் டிரேடில் பீட்டர் ஸ்டைடில்மேயர் கொண்டுவந்த மார்க்கெட் ப்ரொஃபைல் அது. வால்யூமை எண்ணாது, நேரத்தை எண்ணும்: அரை மணிக்கு ஓர் எழுத்து. வேல்யூ ஏரியாவுக்கு வெளியே திறந்த விலை உள்ளே வந்து இரண்டு எழுத்துக்காலம் தங்கினால் மறு எல்லை வரை போகும் என்பதை "80 சதவீத விதி" என்பார்கள். அந்த 80 ஒரு கைக்கணக்கு, அதற்காக லாட்டை (வாங்கும் அளவை) கூட்ட வேண்டாம். நம் சந்தை 9:15 முதல் 3:30 வரை, 375 நிமிடம். பன்னிரண்டு எழுத்து 3:15-க்கே முடிந்துவிடும். கடைசி ‘எம்’ எழுத்துக்குக் கிடைப்பது 15 நிமிடம்தான், மற்றவற்றோடு சமமாக எண்ணிவிடாதீர்கள்.