ரே லூயிஸா, அவர் முன்னால் நின்ற இரண்டு மலைகளா?

கிளீவ்லாந்துக்காரன்: "அமெரிக்கக் கால்பந்தில் 2000ஆம் ஆண்டு பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் தற்காப்பு என்றால் ரே லூயிஸ்தான், மற்ற பத்துப் பேர் ஒப்புக்குச் சப்பாணி" என்று நேற்று ஊதாக்காகம் எழுதியிருக்கிறார். படித்ததும் காப்பி புரையேறிவிட்டது. முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்தான் லூயிஸ்; அவருக்கு முன்னால் சாம் ஆடம்ஸ், டோனி சிரகூசா என்று இரண்டு மலைகள் நின்றன. ஆளுக்கு 300 பவுண்டுக்கு மேல். தற்காப்பாளர்களைத் தள்ளி வழி திறக்க வேண்டிய எதிரணிக் கார்டுகள் அவர்களோடு மல்லுக்கட்டியே ஓய்ந்தார்கள். லூயிஸ் மேல் கை வைக்க ஆள் மிச்சமில்லை. வெட்டவெளியில் ஓடிவந்து ஒருவனைச் சாய்ப்பது வித்தையா?

ஊதாக்காகம்: 16 ஆட்டங்களில் 165 புள்ளிகள்தான் கொடுத்தார்கள். பந்தோடு ஓடும் தரைவழி ஓட்டத்தில் விட்டுக்கொடுத்தது 970 கெஜம்தான். அந்த ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் விருதும் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலின் நாயகன் விருதும் யாருக்குப் போயின? சிரகூசாவுக்கா?

கிளீவ்லாந்துக்காரன்: விருது கொடுப்பவர்கள் மலையைப் பார்ப்பதில்லை, மலைக்குப் பின்னாலிருந்து வருபவனைத்தான் பார்ப்பார்கள். அந்த 970 கெஜம் மலைகளின் கணக்கு.

பொறுமைசாலி: லைன்பேக்கரின் வேலை என்னவென்று முதலில் முடிவு செய்துகொண்டு பேசலாமே?

மூன்றாம்டவுன்: டென்னசியுடன் நடந்த பிளேஆஃப் (நாக்அவுட்) ஆட்டம் மறந்துவிட்டதா? அவர்களின் ஓட்டக்காரர் எட்டி ஜார்ஜின் கையில் பாஸ் தளும்பியது. லூயிஸ் அதைப் பிடுங்கிக்கொண்டு 50 கெஜம் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன் போட்டார். அங்கே எந்த மலை நின்றது?

கிளீவ்லாந்துக்காரன்: பிடுங்கவில்லை. தளும்பிய பந்து தானாக வந்து சேர்ந்தது.

மூன்றாம்டவுன்: பிடுங்கினார்.

கிளீவ்லாந்துக்காரன்: தளும்பியது என்று நீங்களேதான் எழுதினீர்கள். ஒருமுறை மேலே போய்ப் படியுங்கள்.

ஊதாக்காகம்: பந்தை விடுங்கள். 2002இல் லூயிஸ் தோள்பட்டைக் காயத்தால் ஐந்து ஆட்டங்களோடு உட்கார்ந்தார். அணி ஏழில் வென்று ஒன்பதில் தோற்றது. போதுமா?

கிளீவ்லாந்துக்காரன்: போதாது! அதே 2002இல் சிரகூசா ஓய்வு பெற்றிருந்தார், ஆடம்ஸ் அணி மாறியிருந்தார். மலைகள் போயின, அணியும் விழுந்தது. என் வழக்குக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள், நன்றி.

ஊதாக்காகம்: மலைகள் இல்லாத 2003இல் அதே விருதை லூயிஸ் மறுபடி வாங்கினாரே, அதற்கென்ன பதில்? உங்களுக்கு எரிவது வேறு இடத்தில். 1996இல் உங்கள் ஊர் அணி மூட்டைகட்டி ரேவன்ஸாக எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

கிளீவ்லாந்துக்காரன்: வந்துவிட்டதாம்! அள்ளிக்கொண்டு போனதற்குப் பெயர் வருவதா? அந்த ஆண்டு புதுமுக வீரர் தேர்வின் முதல் சுற்றில் 26ஆவதாக எடுத்த லூயிஸே எங்கள் ஊரில் ஆடியிருக்க வேண்டியவர்.

மூன்றாம்டவுன்: வெட்டவெளியில் ஓடுகிறவருக்கா இவ்வளவு ஏக்கம்?

கிளீவ்லாந்துக்காரன்: ஏக்கம் இல்லை, கணக்கு. போன மாதம், பந்தை வீசும் குவார்ட்டர்பேக் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் நக்கலடித்துவிட்டுக் காணாமல் போனீர்கள்.

மூன்றாம்டவுன்: காணாமல் போனது நானா? அந்த 2000 அணியின் குவார்ட்டர்பேக் டிரென்ட் டில்ஃபர் பற்றிக் கேட்ட கேள்விக்கு இன்றுவரை உங்களிடமிருந்து பதில் இல்லை.

ஊதாக்காகம்: 2003க்கும் பதில் இல்லை.

கிளீவ்லாந்துக்காரன்: இரண்டு மலைகள். 300 பவுண்டுக்கு மேல். கார்டுகள் யாரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று மட்டும் பழைய ஒளிப்பதிவைப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாம்டவுன்: பார்த்தேன். பிடுங்கினார்.