நானே கட்டிய ஆர்ம் கிராஸ் கம்பைலர்: ஃப்ளோட் கணக்கு வந்தவுடன் ஹார்ட்ஃபால்ட்

பாமணியாறு (மன்னார்குடி) கேட்டது:

வணக்கம். சம்பா அறுவடைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று, நெல்லின் ஈரப்பதத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றை கார்ட்டெக்ஸ்-எம்3 என்ற ஆர்ம் கோர் (செயலி) கொண்ட எஸ்டிஎம்32எஃப்103 சிப்பில் செய்து வருகிறேன். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. சென்ற தை மாதம் அப்பா மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய், ஈரம் கூடுதல் என்று திரும்பக் கொண்டுவந்து, களத்தில் கொட்டி மறுபடி இரண்டு நாள் காயவைத்தார். வீட்டிலேயே அளந்து பார்த்துவிட்டுப் போனால் வண்டி வாடகையாவது மிஞ்சும்.

மடிக்கணினியில் ஓடி, இந்தச் சிப்புக்கான நிரலை உருவாக்கித் தரும் கிராஸ் கம்பைலர் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில், அதை மூலநிரலிலிருந்து நானே கட்டினேன்: முதலில் பின்யூட்டில்ஸ் (லிங்கர் முதலிய கருவிகள்), பிறகு சி மொழிக்கு மட்டுமான முதற்கட்ட ஜிசிசி கம்பைலர், அதைக் கொண்டு நியூலிப் என்ற சி லைப்ரரி, கடைசியில் முழு ஜிசிசி. டார்கெட் பெயர் ‘ஆர்ம்-நன்-ஈஏபிஐ’. மடிக்கணினியில் 4 ஜிபி ரேம்தான் இருக்கிறது என்பதால், நேரத்தைக் குறைக்க ‘டிசேபிள்-மல்டிலிப்’ (வெவ்வேறு கோர்களுக்குத் தனித்தனி லைப்ரரி கட்டாதே) என்று கொடுத்தேன். பிழை எதுவும் வரவில்லை.

எல்இடி மினுக்கும் நிரல் ஓடுகிறது. ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) தரும் மதிப்புகளைக் கூட்டி, வகுத்து, முழு எண்ணில் சராசரி எடுப்பதும் சரியாக நடக்கிறது. வெப்பநிலைத் திருத்தத்துக்காக ஒரே ஒரு ஃப்ளோட் (தசம எண்) பெருக்கலைச் சேர்த்தவுடன், செயலி மேற்கொண்டு ஓட முடியாத பிழையான ஹார்ட்ஃபால்ட்டில் போய் நிற்கிறது. கார்ட்டெக்ஸ்-எம்3, தம்ப் (ஆர்மின் சுருக்கமான கட்டளை முறை) ஆகிய இரண்டு ஆப்ஷன்களையும் கம்பைலுக்கும் லிங்க்குக்கும் மறக்காமல் கொடுக்கிறேன். ஸ்டாக் போதவில்லையோ என்று 20 கேபி ரேமில் 8 கேபியை அதற்கே ஒதுக்கியும் பார்த்துவிட்டேன். எங்கே தவறினேன்?

அரசலாறு (கும்பகோணம்):

உபுண்டுவில் இதே டார்கெட்டுக்கான ஜிசிசி பேக்கேஜாகவே கிடைக்கிறது. நியூலிப் அதில் தனி பேக்கேஜ், அதையும் சேர்த்து நிறுவ வேண்டும். ஆர்ம் நிறுவனமும் ஆயத்த டூல்செயினை இலவசமாகத் தருகிறது. நீங்கள் கட்டியதைக் கைவிடச் சொல்லவில்லை. அதே நிரலை ஆயத்தக் கம்பைலரில் ஒருமுறை கம்பைல் செய்து ஏற்றிப் பாருங்கள். அதில் ஓடினால் உங்கள் நிரலும் லிங்கர் ஸ்கிரிப்டும் சரி என்று ஆகிவிடும், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.

வெட்டாறு (நாகப்பட்டினம்):

தம்பி, முழு எண் வகுத்தல் ஓடி, ஃப்ளோட் பெருக்கல் மட்டும் விழுகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. கார்ட்டெக்ஸ்-எம்3 கோரில் 32 பிட் முழு எண்ணை வகுக்க வன்பொருளிலேயே கட்டளை உண்டு. ஃப்ளோட்டுக்கு வன்பொருள் கிடையாது. ஆகவே உங்கள் பெருக்கல் ஜிசிசியோடு சேர்ந்து உருவாகும் லிப்ஜிசிசி லைப்ரரியில் உள்ள ஒரு ஃபங்ஷனை அழைப்பதாக மாறுகிறது. அந்த லிப்ஜிசிசியைக் கட்டியபோது எந்தக் கோருக்கு என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் ஜிசிசி பழைய ஆர்ம் கட்டளை முறையில்தான் அதைக் கட்டும். கார்ட்டெக்ஸ்-எம் வரிசைக்குத் தம்ப் கட்டளைகள் மட்டுமே தெரியும். மல்டிலிப் இருந்திருந்தால் நீங்கள் தரும் ஆப்ஷனைப் பார்த்து ஜிசிசி பொருத்தமான லைப்ரரியை எடுத்திருக்கும். அதை அடைத்துவிட்டதால், லிங்க் செய்யும்போது எவ்வளவு சரியாகச் சொன்னாலும் எடுப்பதற்கு அங்கே ஒன்றுதான் இருக்கிறது.

சரிபார்ப்பது எளிது. லிங்க் ஆகி வந்த எல்ஃப் ஃபைலை, கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் கருவியில் பிரித்து, அந்த ஃப்ளோட் பெருக்கல் ஃபங்ஷனைப் பாருங்கள். கட்டளைகள் எல்லாமே நான்கு பைட்டாக, பெரும்பாலும் பதினாறடிமான எண் ‘ஈ’யில் தொடங்கினால் அது ஆர்ம் முறை. இரண்டு பைட்டும் நான்கு பைட்டும் கலந்திருந்தால் தம்ப். பிழையின் காரணத்தைக் குறித்துவைக்கும் சிஎஃப்எஸ்ஆர் ரெஜிஸ்டரின் மேல் 16 பிட்டில் ஏதாவது ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது யூசேஜ் ஃபால்ட்டுக்கு (செல்லாத கட்டளை போன்ற பிழைகளுக்கு) உரிய பகுதி.

அப்படித்தான் என்றால், பின்யூட்டில்ஸைத் தொட வேண்டாம். ஜிசிசியின் பில்ட் கோப்புறையை முழுவதும் அழித்துவிட்டு, கான்ஃபிகரில் ‘வித்-சிபியு’வுக்குக் கார்ட்டெக்ஸ்-எம்3 என்றும் ‘வித்-மோட்’டுக்குத் தம்ப் என்றும் கொடுத்து மறுபடி கட்டுங்கள். நியூலிப்பையும் கட்டாயம் புதிதாகக் கட்ட வேண்டும், அதுவும் பழைய முறையில்தான் இருக்கிறது. பலரும் இதை விட்டுவிட்டு, ஃப்ளோட் சரியாகி, நியூலிப்பில் உள்ள மெம்காப்பி ஃபங்ஷனில் விழுகிறது என்று மறுபடி வந்து நிற்பார்கள்.

பாமணியாறு (மன்னார்குடி):

நீங்கள் சொன்னபடியே இருந்தது, ஐயா. அந்த ஃபங்ஷன் முழுவதும் வரிக்கு வரி ‘ஈ’யில்தான் தொடங்கியது, சிஎஃப்எஸ்ஆரின் மேல் பாதியிலும் ஒரு பிட் ஏறியிருந்தது. அரசலாறு அவர்கள் சொன்ன ஆயத்தக் கம்பைலரில் அதே நிரல் தடையின்றி ஓடியது. ராத்திரி முழுக்க ஜிசிசியையும் நியூலிப்பையும் மறுபடி கட்டினேன். இப்போது பெருக்கல் ஓடுகிறது. பின்னாளில் எஃப்பியு (ஃப்ளோட் கணக்குக்கான வன்பொருள்) உள்ள கார்ட்டெக்ஸ்-எம்4க்கு மாறினால் இதே டூல்செயின் போதுமா? இன்னொன்று: எண்ணை எழுத்தாக மாற்றும் ஸ்பிரின்ட்எஃப் ஃபங்ஷனில் தசம எண்ணை எழுதப்போனால் ஃப்ளாஷ் 64 கேபியில் பெரும்பகுதி போய்விடும் போலிருக்கிறது.

வெட்டாறு (நாகப்பட்டினம்):

எம்4க்கு இது போதாது. எஃப்பியுவைப் பயன்படுத்தும் ஹார்ட் ஃப்ளோட் முறைக்குத் தனி லைப்ரரி வேண்டும். அப்போது மல்டிலிப்பைத் திறந்து, பட்டியலுக்கு ‘ஆர்எம்ப்ரொஃபைல்’ என்று கொடுத்துக் கட்டுங்கள். கார்ட்டெக்ஸ்-எம், ஆர் வகைகள் அனைத்துக்கும் லைப்ரரி உருவாகும். 4 ஜிபி ரேமில் கட்டும்போது மேக் கட்டளையின் இணை வேலைகளை இரண்டுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

ஸ்பிரின்ட்எஃப்புக்கு, நியூலிப்பின் சிறிய வடிவமான நானோவைத் தனியே கட்டிச் சேர்க்கலாம். உங்கள் கருவிக்கு அதுகூடத் தேவையில்லை என்பது என் கருத்து. ஈரப்பதத்தைப் பத்தால் பெருக்கி முழு எண்ணாக்குங்கள். 168 என்று வந்தால் 16, ஒரு புள்ளி, 8 என்று மூன்று துண்டாக எல்சிடியில் எழுதிவிடலாம்.