பாலாய் ராயாவில் சைக்கிள் படம் போடலாமா, கூடாதா?

பால்மரக்காற்று (திரி தொடக்கம், வியாழன் இரவு)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக் காலை பசியாறும்போது இது நாலு விதமாக ஊரைச் சுற்றும்.

நம் டவுனில் ஞாயிறு மதரஸாவுக்கு 22 பிள்ளைகள் வருகிறார்கள். பள்ளி விடுமுறையில் அவர்களுக்கு ஒரு படம் போடலாம் என்று நாங்கள் மூன்று பேர் முடிவு செய்தோம். சனிக்கிழமை அஸர் (மாலைத் தொழுகை) முடிந்த பிறகு, ஊர்ப் பொதுமண்டபமான பாலாய் ராயாவில். பெற்றோர்களுக்கு வாட்ஸ்அப்பில் தகவலும் போய்விட்டது. நேற்று மண்டபச் சாவியைக் கேட்டால், "சினிமாவுக்கென்றால் சாவி இல்லை" என்று பதில்.

படம் 'வஜ்தா'. 2012-இல் வந்த அரபிப் படம். ரியாத்தில் பத்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்திக்குப் பச்சைச் சைக்கிள் மேல் ஆசை. விலை 800 ரியால். பணம் சேர்ப்பதற்காகப் பள்ளியில் குர்ஆன் ஓதும் போட்டியில் சேர்கிறாள். இவ்வளவுதான் கதை. குத்துப்பாட்டு இல்லை, ரத்தம் இல்லை. எடுத்தவர் ஹைஃபா அல்-மன்சூர் என்ற சவூதிப் பெண். தெருவில் ஆண்களோடு நின்று வேலை வாங்க முடியாது என்பதால், வேனுக்குள் உட்கார்ந்து வாக்கிடாக்கியில் பேசியே தெருக்காட்சிகளை எடுத்தார். முழுவதும் சவூதி மண்ணிலேயே எடுத்த முதல் முழுநீளப் படம் அது. இதில் எது ஹராம் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அபூ_ஹம்ஸா_பேராக்

வ அலைக்கும் ஸலாம் நானா. சாவி கொடுக்க வேண்டாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். ஒளிந்துகொண்டு பேச எனக்கு விருப்பமில்லை.

கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மீதியை நான் சொல்கிறேன். அந்தப் பிள்ளை போட்டியில் ஜெயிக்கிறாள். பரிசுப் பணத்தில் சைக்கிள் வாங்கப்போகிறேன் என்று மேடையிலேயே சொல்கிறாள். உடனே தலைமையாசிரியை பணத்தைப் பாலஸ்தீனத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று அறிவித்துவிடுகிறார். மார்க்கம் பேசுகிற அந்த அம்மாதான் படத்தில் கல்நெஞ்சக்காரி. சனிக்கிழமை இதைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் ஓத வருகிற பிள்ளை என்னை எந்தக் கண்ணால் பார்க்கும்? அதையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

சினிமா என்ற கருவியே ஹராம் என்று நான் சொல்லவில்லை. மார்க்க அறிஞர் யூசுஃப் அல்-கர்ளாவி 1960-லேயே ஹலால், ஹராம் பற்றி எழுதிய நூலில் நிபந்தனைகளோடு அனுமதித்திருக்கிறார். உள்ளடக்கம் சுத்தமாக இருக்க வேண்டும், தொழுகை தவறக் கூடாது, ஆண் பெண் நெருக்கியடித்துக் கலந்து உட்காரக் கூடாது. அந்த நிபந்தனைகளைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசினீர்களா? முதலில் போஸ்டர் வந்தது, அப்புறம்தான் எங்களுக்கே தெரிந்தது.

கோப்பி_ஓ

நான் இந்து. உங்கள் வீட்டு விஷயத்தில் வாய் வைக்கலாமா என்று தெரியவில்லை. ஆனால் பாலாய் ராயா எல்லாருக்கும் பொது, அதனால் ஒரு சட்டச் சங்கதி. மலேசியாவின் 2002-ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி, வாரியம் அனுமதிக்காத படத்தைத் திரையிடுவது குற்றம். 2013-இல் கோலாலம்பூரில் ஒரு மண்டபத்தில் ஈழப்போர் பற்றிய ஆவணப்படத்தைக் காட்டினார்கள். ஏற்பாடு செய்த பெண்மீது வழக்குப் போட்டு, 2017-இல் 10,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் விதித்தார்கள். நம் ஆட்கள் இதை அதற்குள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தப் படத்துக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஹலாலா ஹராமா என்று சண்டை போடுங்கள்.

பால்மரக்காற்று

சரி அண்ணே, அது நியாயம். அதை நான் பார்க்கவில்லை, தப்பு என்னுடையதுதான். ஆனால் சாவி இல்லை என்றவர்கள் சட்டத்தைச் சொல்லவில்லையே. சினிமா என்று மட்டும்தான் சொன்னார்கள்.

அபூ ஹம்ஸா தம்பி, சவூதியே 2018 ஏப்ரலில் ரியாத்தில் தியேட்டர் திறந்துவிட்டது. நாம் மட்டும் இன்னும் பூட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அபூ_ஹம்ஸா_பேராக்

இந்த வாதத்தை எல்லாரும் எடுக்கிறார்கள் நானா. எனக்கு இதில்தான் சிரிப்பு வருகிறது. 1979-இல் மக்காவில் காபா இருக்கும் பெரிய பள்ளிவாசலை, ஹரம் ஷரீஃபை, ஆயுதக் கும்பல் பிடித்தது. அதற்குப் பிறகு, மார்க்கப் பிடிப்பில் தாங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை என்று காட்ட அரசு எல்லாவற்றையும் இறுக்கியது. தியேட்டர்கள் மூடியது அந்தக் காலத்தில்தான். பிறகு எண்ணெயை மட்டும் நம்பினால் போதாது என்று கணக்குப் போட்டுத் திறந்தார்கள். மூடியதும் அரசியல், திறந்ததும் அரசியல். மூடியபோது அதைத் தீன் (மார்க்கம்) என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள் என்கிறீர்கள். திறந்ததை முன்னேற்றம் என்று நம்புகிறவர்கள் மட்டும் ஏமாறவில்லையா?

மூன்றாம்_நம்பர்_லயம்

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பேரன் தட்டச்சு செய்துகொடுக்கிறான், எழுத்துப்பிழை அவனுடையது.

ரப்பர் தோட்டத்துத் திடலில் மாதம் ஒருமுறை படம் போடுவார்கள். இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டி, ஜெனரேட்டர் உறும உறும. தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து பாயும் கோணியும் தூக்கிக்கொண்டு போவோம். திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்தவனுக்கு எம்ஜிஆர் இடது கையால் வாள் வீசுவார். 'பாவ மன்னிப்பு' அங்கேதான் பார்த்தேன். சிவாஜிக்கு ரஹீம் என்று பெயர், முஸ்லிம் வீட்டில் வளர்கிற பிள்ளை. 'எல்லோரும் கொண்டாடுவோம்' பாட்டில் டி.எம்.எஸ். கூடவே நாகூர் ஹனிபா குரல் வந்ததும் நானா கடைக்காரர்கள் (தமிழ் முஸ்லிம்கள்) இருந்த பக்கம் ஒரே ஆரவாரம். அன்றைக்குக் கடையை ஒன்பது மணிக்கெல்லாம் சாத்திவிட்டுக் கடைப்பையனோடு வந்திருந்தார்கள். தோட்டத்தில் பாதிப் பேருடைய கடன் நோட்டு அவர்கள் கையில். அன்று இரவு மட்டும் யாரும் யாரிடமும் பாக்கி கேட்கவில்லை.

படம் பார்த்து அவர்கள் கெட்டுப்போனதாக எனக்கு நினைவில்லை. மறுநாள் சுபுஹு (விடியல்) தொழுகைக்குப் பள்ளிவாசல் விளக்கு வழக்கம்போல எரிந்தது.

சபுரா_மகள்

தாத்தா எழுதியதைப் படித்துச் சிரித்தேன், அப்புறம் கோபம் வந்தது. அந்தத் திடலில் கடைக்காரர்கள் இருந்தார்கள், கடைப்பையன் இருந்தான். அவர்கள் வீட்டுப் பெண்கள் எங்கே இருந்தார்கள்? பாதிப் பேரின் குடும்பம் அப்போது ராமநாதபுரத்துப் பக்கம் ஊரில் இருந்தது. இங்கே இருந்தவர்கள் கடைக்கு மேல்மாடியில். என் உம்மம்மா அந்த ஜெனரேட்டர் சத்தத்தை மட்டும் கேட்டவர். பாட்டும் கொஞ்சம் கேட்டதாம்.

அதே படத்தில் சிவாஜி சைக்கிள் ஓட்டிக்கொண்டு 'வந்த நாள் முதல்' பாடுவார். ரஹீம் சைக்கிள் ஓட்டினால் கைதட்டல், வஜ்தா ஓட்டினால் கமிட்டி மீட்டிங்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் சைக்கிளை நிறுத்தினார்கள். ஆயத்து, ஹதீஸ் எதுவும் சொல்லவில்லை. "ஆள் பார்ப்பாங்க" என்றார்கள், அவ்வளவுதான். எங்கள் கடை வாசலைத் தாண்டித்தான் தோட்டத்து அக்காமார்கள் இருட்டோடு இருட்டாகப் பால்வெட்டுக்குப் போவார்கள், சைக்கிளில், வாளியைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு. அவர்களை ஆள் பார்க்கவில்லையா? என் சைக்கிளைத் தோட்டத்துக் கிராணி (கணக்கர்) மகனுக்கு விற்றார்கள். அவன் அதை எங்கள் தெருவிலேயே ஓட்டினான். இது முப்பது வருஷக் கதை, இன்னும் அந்த மணியின் சத்தம் எனக்குத் தெரியும்.

22 பிள்ளைகளில் 13 பேர் பெண்பிள்ளைகள். படம் போடலாம் என்ற மூன்று பேரும் ஆண்கள். கூடாது என்றவர்களும் ஆண்கள். அந்தப் பிள்ளைகளின் உம்மாமார்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா? பால்மரக்காற்று நானா, உங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

நடத்துநர்

இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். யாரையும் காஃபிர் என்றோ தாலிபான் என்றோ எழுதினால் திரியைப் பூட்டிவிடுவேன். அவற்றை எழுதிய இருவரும் ஒரே தெருக்காரர்கள், எனக்கு இருவரையும் தெரியும்.

அபூ_ஹம்ஸா_பேராக்

ராத்தா, சைக்கிள் விஷயத்தில் உங்களுக்கு நடந்தது அநியாயம். அது ஊர் வழக்கம், தீன் இல்லை. என் மூத்த மகள் சைக்கிளில்தான் டியூஷன் போகிறாள். கேட்காமல் முடிவெடுத்தோம் என்பதும் உண்மை.

ஆனாலும் என் பயத்தையும் கொஞ்சம் கேளுங்கள். நான் தமிழ்நாட்டில் ஏழு வருஷம் ஓதினேன். அப்போது அங்கே எந்தப் படத்துக்குப் போனாலும் தாடி வைத்தவன் குண்டோடு வருவான். 2013-இல் 'விஸ்வரூபம்' பிரச்சினையின்போது அங்கே தடை, இங்கே மலேசியாவிலும் ஓடத் தொடங்கிய படத்தை நிறுத்தினார்கள். "இவர்களுக்குச் சகிப்பே இல்லை" என்று உலகமே நம்மைப் பேசியது. நமக்கு ஏன் வலித்தது என்று கேட்டவர்கள் குறைவு. அப்புறம் 2023-இல் 'ஃபர்ஹானா'. திருவல்லிக்கேணிப் பெண், கணவன் பிள்ளைகள் உண்டு, கால்சென்டரில் வேலை. படம் எப்படி என்பது வேறு பேச்சு. நம்மை வைத்துப் படம் எடுப்பவர்கள் நம் ஆணுக்கு ஒரு வேலை, நம் பெண்ணுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறார்கள். அவன் குண்டு வைக்க வேண்டும், அவள் வீட்டை மீறி வெளியே போக வேண்டும். ஒரு சாதாரண முஸ்லிம் வீடு, மீன் குழம்பு, மாமியார் சண்டை, கடன், இது ஏன் படமாவதில்லை?

பால்மரக்காற்று

தம்பி, நீங்கள் கேட்கிற படம் வஜ்தாதான். உம்மா சமைக்கிறார், வேலைக்குப் போக வண்டி ஓட்டுநரோடு சண்டை போடுகிறார், கணவன் இரண்டாம் கல்யாணம் செய்துகொள்வானோ என்று பயந்துகொண்டே சிவப்பு உடை பார்க்கிறார். வெளியாள் எடுத்த படம் இல்லை, அந்த ஊர்ப் பெண்ணே எடுத்தது. வெளியாள் எடுத்தால் அவதூறு, உள்ளாள் எடுத்தால் துரோகம் என்றால் யார்தான் எடுப்பது?

2015-இல் ஈரான் இயக்குநர் மஜித் மஜிதி நபி (ஸல்) அவர்களின் சிறுவயதைப் படமாக்கியபோது என்ன நடந்தது? மும்பையில் ஓர் அமைப்பு இயக்குநர்மீதும், இசையமைத்த ஏ.ஆர். ரஹ்மான்மீதும் ஃபத்வா கொடுத்தது. மனுஷன் சண்டைக்குப் போகவில்லை. தான் மார்க்க அறிஞன் இல்லை, பாதி மரபு, பாதி பகுத்தறிவு, நடுவழியில் போகிறவன் என்று பதில் எழுதினார். நம் டவுனில் முக்கால்வாசிப் பேர் அந்த நடுவழிதான். ஆனால் மீட்டிங்கில் மட்டும் எல்லாரும் ஓரத்தில் போய் நின்றுகொள்கிறோம்.

அபூ_ஹம்ஸா_பேராக்

ஒரு மும்பை அமைப்பின் ஃபத்வாவை என் தலையில் கட்டாதீர்கள். நான் அதை அப்போதே ஏற்கவில்லை. நபியைப் படத்தில் காட்டுவது எனக்குச் சம்மதமில்லை, அது வேறு. பாட்டுப் போட்டவருக்குக் கலிமா (இஸ்லாத்தின் உறுதிமொழி) சொல்லிக்கொடுப்பது என் வேலை இல்லை.

நடுவழி என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யார் கோடு போடுவது? கிளந்தான் மாநிலத்தில் பல வருஷமாகத் தியேட்டரே இல்லை. அது சரி என்று நான் சொல்ல வரவில்லை, அங்கேயும் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஆனால் கோடே வேண்டாம் என்றால் அதற்கும் நான் ஆள் இல்லை.

சபுரா_மகள்

அந்தப் போனைப் பற்றித்தான் நானும் சொல்ல வந்தேன். பிள்ளைகள் தனியறையில் என்னென்ன பார்க்கிறார்கள் என்று ஒரு கமிட்டிக்கும் தெரியாது. உம்மா பக்கத்தில் இருக்க, விளக்கைப் போட்டுவிட்டுக்கூடப் பார்க்கலாம் என்கிற ஒரு படத்துக்குத்தான் சாவி இல்லை.

நேற்று இரவு ஒன்பது உம்மாமார்களுக்குப் போன் செய்தேன். ஏழு பேர் சரி என்றார்கள். ஒருவர் கணவரைக் கேட்க வேண்டும் என்றார். இன்னொருவர் படம் வேண்டாம், பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்றார், அதுவும் நல்ல யோசனைதான். சனிக்கிழமை என் வீட்டுக் கூடத்தில், அந்த ஏழு வீட்டுக்காரர்கள் மட்டும், காசு கொடுத்து எடுத்த படத்தை டிவியில் பார்க்கிறோம். போஸ்டர் கிடையாது, திரையிடல் கிடையாது. கோப்பி ஓ அண்ணே, இதற்கும் அபராதம் உண்டென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கோப்பி_ஓ

நான் வக்கீல் இல்லைம்மா, செம்பனை லாரி ஓட்டுகிறவன். கூடத்தில் இடமிருந்தால் என் மகளையும் அனுப்புகிறேன். அவளுக்கும் வீட்டில் சைக்கிள் தடைதான், லாரி பயம். என் வீட்டுத் தணிக்கை வாரியம் நான்தான்.

அபூ_ஹம்ஸா_பேராக்

வீட்டில் பார்ப்பதை நான் எப்படித் தடுக்க முடியும், தடுக்கவும் மாட்டேன். தலைமையாசிரியை காட்சி முடிந்ததும் நிறுத்தி, எல்லா உஸ்தாஸாவும் (ஆசிரியையும்) இப்படி இல்லை என்று பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது போதும் எனக்கு.

சபுரா_மகள்

நிறுத்த மாட்டேன். முடிந்த பிறகு பேசுகிறோம். அவர்களே சொல்லட்டும், உங்களைப் பற்றி அவர்களுக்கு நல்ல எண்ணம்தான்.

மூன்றாம்_நம்பர்_லயம்

எனக்கும் ஒரு நாற்காலி போடு தாயி. ஆனால் அரபிப் படம் என்கிறீர்கள், கீழே ஓடுகிற எழுத்தைப் படிக்க என் கண்ணுக்கு முடியாது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும். இந்த டவுனில் அரபி தெரிந்தவர் அபூ ஹம்ஸா ஒருவர்தானே?

அபூ_ஹம்ஸா_பேராக்

நான் வருவதாக எங்கேயும் எழுதவில்லை ஐயா. அதுவும் போக நான் படித்தது கிதாபு (நூல்) அரபி, ரியாத் தெருப் பேச்சு எனக்குப் பாதிதான் புரியும்.

மூன்றாம்_நம்பர்_லயம்

பாதி போதும்.