அம்மியும் கைத்தடியும்: பெரியவர்களிடம் ஊர் ஞாபகம் கேட்கப் போனவர்களின் அனுபவங்கள்

மஸ்கெலியாவிலிருந்து:

எங்கள் பகுதி இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்கள். இங்குள்ள பெரியவர்களின் ஞாபகங்களைச் சேர்க்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. முதல் மூன்று மாதம் கையில் ஒன்றும் கிடைக்கவில்லை. நான் கேட்ட கேள்விதான் பிழை. "தாத்தா, பழைய வரலாறு ஏதாவது சொல்லுங்க" என்பேன். "எங்களுக்கு என்னா தம்பி வரலாறு? பெரட்டுக்குப் போனோம், வேல செஞ்சோம், வந்தோம்" என்று முடித்துவிடுவார்கள். பெரட்டு என்றால் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்.

ஒரு கோடையில்தான் அது மாறியது. 1969இல் மவுசாக்கலை அணை வந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது நம்மில் பலருக்குத் தெரியும். நீர்மட்டம் நன்றாக இறங்கினால் கோவில், விகாரை, பள்ளிவாசல் எல்லாவற்றின் மிச்சமும் வெளியே தெரியும். படமெடுக்கக் கூட்டம் கூடும். நானும் படமெடுக்கத்தான் போனேன். எங்கள் லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) தொங்கல் காம்பராவில், அதாவது கடைசி வீட்டில், இருக்கும் தாத்தா தானும் வருவேன் என்றார். எண்பதைத் தாண்டியவர்.

வெடித்துக் கிடந்த சேற்றில் இறங்கியதும் அவர் வேறு ஆளாகிவிட்டார். கைத்தடியால் நீளமாக ஒரு கோடு கிழித்தார். "இது பெரிய ரோட்டு. இந்தா இங்கிட்டு தையக்கட. என் கல்யாணச் சட்ட தச்சது இங்கதான். அதுக்கு அடுத்தாப்புல ரொட்டிக்கட." கோடு போட்டுக்கொண்டே போனவர் கோவில் மிச்சத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்று செருப்பைக் கழற்றினார். கூரை இல்லை, சேறு காலைச் சுடுகிறது, அவர் வெறுங்காலோடு உள்ளே போய் நின்றார். நான் படமெடுப்பதை மறந்துவிட்டேன்.

அன்று மட்டும் இரண்டு மணிநேரத்துக்கு மேல் பதிவு. அதற்குப் பிறகு நான் யாரிடமும் வரலாறு கேட்பதில்லை. "பழைய பஜார்ல மொத சம்பளத்துக்கு என்னா வாங்குனீங்க?" என்று கேட்டால் போதும். முடிந்தால் அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன். ஞாபகம் காலில் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பசறையிலிருந்து:

உங்கள் தாத்தாவுக்குக் கைத்தடி, எங்கள் அம்மாயிக்கு (பாட்டிக்கு) அம்மி.

பெண்களிடம் கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் ஆம்பிளை இருந்தால் "எனக்கென்னா தெரியும், அவர கேளுங்க" என்றுதான் முதல் பதில் வரும். பின்னேரம் பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வரும் நேரத்திலும் போகாதீர்கள். தண்ணீர், விறகு, அடுப்பு என்று ஆயிரம் வேலை. நான் ஞாயிறு காலையில், தாத்தா கடைக்குப் போன பிறகு போனேன். அம்மாயி சம்பலுக்கு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். அம்மியின் நடுவில் ஒரு குழி, உள்ளங்கை அளவு. "கல்லு இவ்வளவு தேஞ்சிருக்கே" என்றேன். அவ்வளவுதான்.

"இது என் கல்லு இல்ல தம்பி, எங்க அக்கா கல்லு. பாதி அவ தேச்சது."

இங்கிருந்த இந்திய வம்சாவளி மக்களை இலங்கையும் இந்தியாவும் பங்குபோட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அக்கா குடும்பத்துக்கு இந்தியா விழுந்தது. அம்மாயிக்கு இந்த நாடு. 1964 ஒக்டோபர் 30இல் போட்ட கையெழுத்து அது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் அங்கே, 3 இலட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்த ஒன்றரை இலட்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட சனங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. பள்ளிக்கூடத்தில் இந்த எண்களைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதியிருக்கிறேன். ஓர் எண்ணுக்குள் ஓர் அக்கா தங்கச்சி இருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

பதுளை ஸ்டேசனில் கோச்சி (ரயில்) ஏற்றிவிட இவரும் போயிருக்கிறார். தலைமன்னார் வரை கோச்சி, அங்கிருந்து கப்பல். டிரங்குப் பெட்டி, பாய், சட்டிபானை எல்லாம் ஏறிவிட்டன. அம்மியை மட்டும் முதல் நாள் ராத்திரி மாமா தோளில் சுமந்து கொண்டுவந்து இவர் வீட்டு இஸ்தோப்பில் (திண்ணையில்) வைத்துவிட்டுப் போனாராம். "கோச்சி நகரும்போது என்னா சொன்னா தெரியுமா? கல்ல மழையில போட்டுறாதடின்னு சொன்னா."

அதற்குப் பிறகு கடிதம் வந்ததா என்று கேட்டேன். போனை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். பிறகு அவர் சொன்னதை நான் எங்கும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். ஒரு வாரம் கழித்துப் போய், பதிவு செய்ததைப் போட்டுக் காட்டி, எதை வெளியிடலாம் என்று மறுபடி கேட்டேன். தன் பெயர் வேண்டாம், அம்மி படம் போடலாம் என்றார். தயவுசெய்து இந்த இரண்டாவது தடவைக் கேள்வியை யாரும் விட்டுவிடாதீர்கள்.

தலவாக்கலையிலிருந்து:

நான் பிழைவிட்ட கதையைச் சொல்கிறேன், மற்றவர்களுக்கு உதவட்டும்.

எங்கள் தோட்டத்தில், மன்மதன் எரிந்த கதையை ஆடிப்பாடும் காமன் கூத்து பழக்கிய மாமா ஒருவர் இருந்தார். மாசியில் காமன் ஊன்றியதிலிருந்து காமதகனம் வரை பாட்டு முழுக்க அவருக்கு மனப்பாடம். மூன்று இரவு உட்கார்ந்து போனில் பதிவு செய்தேன். போன் பழுதாகித் திருத்தக் கொடுத்தபோது உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். திரும்பப் பாடச் சொல்லிக் கேட்கலாம், திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். திருவிழாவுக்கு முன்னமே மாமா போய்விட்டார். கூத்துக்குத் தப்பு மேளம் அடிக்கிறவர்களுக்குத் துண்டு துண்டாகச் சில அடிகள் தெரியும். முழுப் பாட்டு இனி இல்லை.

இப்போது பதிவு செய்த அன்று ராத்திரியே இரண்டு இடத்தில் பிரதி வைத்துவிட்டுத்தான் தூங்குகிறேன்.

இன்னொன்று: மலைகளின் பெயரையும் கேளுங்கள். தோட்டத்தில் தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டையும் மலை என்போம். தோட்ட ஒபிஸ் புத்தகத்தில் வெறும் நம்பர்தான் இருக்கும். கொழுந்தெடுத்த அம்மாக்களுக்கு அது முனியாண்டி மலை, சவுக்கு மலை, ஊத்து மலை. எங்கள் பிரிவில் மட்டும் இதுவரை பதினொரு பெயர் எழுதியிருக்கிறேன். இரண்டு மலையை இப்போது காடாக விட்டுவிட்டார்கள்; அவற்றின் பெயர் தெரிந்தவர்கள் மூன்றே பேர்.

மஸ்கெலியாவிலிருந்து, மறுபடியும்:

தலவாக்கலை நண்பர் எழுதியதைப் படித்த உடனே என் பதிவுகளை எல்லாம் பிரதி எடுத்தேன். பிறகு தாத்தாவைப் பார்க்கப் போனேன். அவர் கிழித்த கோடுகளைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ரொட்டிக்கடைக்குப் பக்கத்தில் விரலை வைத்து, "இங்க ஒரு சலூன் இருந்திச்சி, விட்டுட்டேன். பென்சில எடு" என்றார்.