சாக்ஸ் தையலுக்கு நாற்பது நிமிட அழுகை: அடமா, தாங்க முடியாமையா?

மழலைஅம்மா:
மகனுக்கு மூன்றரை வயது. சாக்ஸ் போட்டுவிட்டால் விரல் நுனியில் வரும் தையல் கோடு "குத்துது, குத்துது" என்று பிய்த்து எறிகிறான். உள்புறத்தை வெளியே திருப்பிப் போட்டும் பார்த்துவிட்டேன். அப்புறம் தரையில் விழுந்து தலையை முட்டிக்கொள்கிறான். நேற்று நாற்பது நிமிடம். ஓய்ந்தபோது சட்டை முழுக்க வியர்வை, அப்படியே தூங்கிப்போனான். பொதுக் கழிப்பறையில் கை உலர்த்தும் மெஷின் ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறான். ஆனால் வீட்டில் பாத்திரத்தைத் தட்டி அவனே காது கிழியச் சத்தம் போடுவான். "அப்போ மட்டும் காது வலிக்கவில்லையா? எல்லாம் நீ கொடுக்கும் இடம்" என்கிறார்கள் வீட்டில். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ரெண்டுபிள்ளைஅப்பா:
சகோதரி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூன்று வயதில் அடம் பிடிக்காத பிள்ளை ஏது? என் மூத்தவள் போனுக்காக ஒரு மணி நேரம் கத்தியிருக்கிறாள். கொடுப்பதில்லை என்று நானும் மனைவியும் முடிவெடுத்தோம். முதல் வாரம் இரண்டு மடங்காகக் கத்தினாள், மூன்றாவது வாரம் நின்றுவிட்டது. அழுதால் சாக்ஸ் கழன்றுவிடும் என்று உங்கள் பையன் கற்றுக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான்.

தெரபி_வாணி:
பிள்ளைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளராக, வேலை பார்க்கிறேன். அண்ணா, உங்கள் மகள் கேட்டது ஒரு பொருள். அது கையில் வந்திருந்தால் அந்த நொடியே அழுகை நின்றிருக்கும். நடுநடுவே நீங்கள் பார்க்கிறீர்களா என்றும் ஓரக்கண்ணால் பார்த்திருப்பாள். இந்தப் பையனுக்கு என்ன கொடுத்தால் நிற்கும்? மழலைஅம்மா, சாக்ஸைக் கழற்றிய பிறகும் அழுதானா?

பாத்திரச் சத்தத்தை வைத்து நடிப்பு என்று சொல்லாதீர்கள். அவன் தட்டும்போது சத்தம் எப்போது வரும், எப்போது நிற்கும் என்பது அவனுக்கே தெரியும். அந்த மெஷின் சொல்லாமல் கொள்ளாமல் அலறுகிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டால் கூசாது, அடுத்தவர் மூட்டினால் கூசும், அதுபோலத்தான். ஒரே பிள்ளை ஒரு சத்தத்தைத் தேடிப் போவதும் இன்னொன்றைக் கண்டு ஓடுவதும் நாங்கள் தினமும் பார்ப்பது.

மழலைஅம்மா:
கழற்றிய பிறகும் அழுதான். தூக்கப் போனால் உதைத்தான். யாரையும் பார்க்கவே இல்லை.

கேள்விகேட்பவள்:
வாணி, உங்கள் துறைமீது மரியாதை உண்டு. ஆனாலும் "சென்சரி", அதாவது புலன் சிக்கல், என்ற ஒரு சொல்லை நம்பி ஒரு வருடத்தை இழந்தவள் நான். உடம்பைப் பிரஷ்ஷால் தேய்க்கச் சொன்னார்கள், எடை வைத்த மேலங்கி வாங்கச் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் மகளுக்கு நடுக்காதில் நீர் கோத்து, பாதிதான் கேட்டிருக்கிறது. சொல்வது புரியாமல்தான் கத்தியிருக்கிறாள். அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

தொடுதல், சத்தம் போன்றவற்றை மூளை எப்படி ஒழுங்குபடுத்துகிறது என்பதைச் சொல்லும் புலன் ஒருங்கிணைப்பு என்ற கருத்தை அமெரிக்கத் தெரபிஸ்ட் ஜீன் அயர்ஸ் 1972-லேயே புத்தகமாக எழுதிவிட்டார். ஆனாலும் 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டில் புலன் சிக்கல் தனி நோயாக இல்லை. ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக மட்டும் புலன் கூர்மையும் மந்தமும் சேர்ந்தன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2012-ல், இதைத் தனி நோய் என்று பெயர் சூட்ட வேண்டாம் என்றே சொன்னது. முதலில் காது, மலச்சிக்கல், தூக்கம், பேச்சு வளர்ச்சி நான்கையும் பாருங்கள்.

தெரபி_வாணி:
உங்களுக்கு நடந்தது நடந்திருக்கவே கூடாது. காதைப் பார்க்காமல் பிரஷ்ஷைக் கையில் கொடுத்தது தப்பு. தனி நோய் இல்லை என்பதும் சரி. ஆனால் பெயர் இல்லை என்பதால் அவன் காலில் குத்துவது பொய்யாகிவிடாது. அதே சங்கம், மற்ற சிகிச்சைகளோடு ஒரு பகுதியாகப் புலன் சார்ந்த தெரபியைச் செய்யலாம், பலன் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறது.

ரெண்டுபிள்ளைஅப்பா:
சரி, உண்மையாகவே வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்காக ஒவ்வொன்றையும் விலக்கிக்கொண்டே போனால் நாளைக்கு இந்தப் பிள்ளை எங்கே போய் உட்காரும்? என் கவலை அதுதான்.

தெரபி_வாணி:
நியாயமான கவலை. சாக்ஸை விட்டுவிடச் சொல்லவில்லை, தையல் இல்லாத சாக்ஸ் கிடைக்கிறது, அதை வாங்கச் சொல்கிறேன். போடும் முன் பாதத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துவிடுங்கள். மெல்லிய தொடுதலைவிட ஆழமான அழுத்தத்தைப் பல பிள்ளைகள் தாங்குவார்கள். அடித்தால், கடித்தால், அது கூடாது என்ற விதி அப்படியே இருக்கட்டும். ஆனால் அதை அழுகையின் நடுவில் சொல்லிப் பயனில்லை. அப்போது விளக்கைக் குறையுங்கள், பேச்சைக் குறையுங்கள், தலைக்கும் தரைக்கும் நடுவில் தலையணை வையுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். 2003-ல் வந்த ஓர் ஆய்வில், சிறு பிள்ளைகளின் ஆர்ப்பாட்டங்களில் நான்கில் மூன்று ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தன. சராசரியாக 25 நிமிடத்தைத் தாண்டுவது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, தானாக அடங்க முடியாமல் தவிப்பது, இவற்றைக் கவனிக்க வேண்டிய அறிகுறிகளாக 2008-ல் இன்னொரு ஆய்வு சொன்னது. நீங்கள் எழுதியதில் நாற்பது நிமிடமும் தலைமுட்டலும் இருக்கின்றன. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்விகேட்பவள்:
இதில் வாணியோடு நிற்கிறேன். போகும் முன் இரண்டு வாரம் குறித்துவையுங்கள்: எத்தனை மணி, அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம், எப்படி அடங்கியது. முடிந்தால் வீடியோவும் எடுங்கள். டாக்டர் அறையில் பிள்ளைகள் சமர்த்தாக உட்கார்ந்துவிடுவார்கள்.

மழலைஅம்மா (பதினாறு நாள் கழித்து):
குறித்து வைத்தேன். பதினான்கு நாளில் ஒன்பது முறை. ஏழு காலையில், அதிலும் ஐந்து, முந்தைய இரவு சரியாகத் தூங்காத நாட்கள். தையல் இல்லாத சாக்ஸைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "இது கடிக்கல" என்று அவனே போட்டுக்கொண்டான். மெஷினைக் கண்டால் இன்னும் ஓட்டம்தான். டாக்டர் காது பரிசோதனைக்கும் வளர்ச்சி மதிப்பீட்டுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ரெண்டுபிள்ளைஅப்பா:
காலையில்தான் அதிகம் என்றால், கிளம்ப மனமில்லாமல் செய்கிறான் என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை. விடுமுறை நாளிலும் சாக்ஸ் போட்டுப் பாருங்கள். காது ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள் சகோதரி.