19 வயதில் மீசோதீலியோமா, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் அக்கா மகளுக்கு வயது 19. ஆறு மாதமாக வயிறு உப்பிக்கொண்டே வந்தது, வாராவாரம் சுடிதார் நாடாவைத் தளர்த்திக் கட்டினாள், வயிற்றுக் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள், கடைசியில் பயாப்சி எடுத்த பிறகுதான் வயிற்றின் உள்சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் என்று தெரிந்தது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் வளர்த்ததால்தான் வந்துவிட்டதோ என்று அக்கா அழுதபடி இருக்கிறாள். ஆஸ்பெஸ்டாஸால் வருவதற்குப் பொதுவாக 20, 30 வருடமாவது ஆகும், சின்ன வயதில் வருவதற்குப் பெரும்பாலும் அது காரணமில்லை, சிலருக்குப் பரம்பரையாக வரும் பிஏபி1 மரபணுக் கோளாறு இருக்கும் என்று படித்ததைச் சொல்லிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை அவளுக்கு.

சரி, கேட்க வந்தது இதுதான். கட்டியை அகற்றிவிட்டு வயிற்றுக்குள் சூடான கீமோ மருந்து விடும் ஹைபெக் அறுவை சிகிச்சையை உங்கள் வீட்டில் இளம் வயதினர் யாராவது செய்துகொண்டார்களா? தேறி எழ எத்தனை நாள் ஆனது, செலவு எவ்வளவு? இளம் வயதினர் சிலரின் கட்டியில் ஏஎல்கே என்ற மரபணுவில் மாற்றம் இருக்குமாம், இருந்தால் அதற்கென்றே மாத்திரை உண்டாம், அந்தப் பரிசோதனையை எங்கே செய்தீர்கள்? அப்புறம், சிகிச்சைக்கு முன்னாலேயே கருமுட்டையை எடுத்துச் சேமித்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள், அவளே வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.